பந்த் சிங் கைகளை ‘இழந்தவர்’ அல்லர்

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் மாலைநேரச் சட்ட வகுப்பு ஒன்றை அண்மையில் நடத்தினோம். ஊரைச் சேர்ந்த மீனவ மாணவர்களும், ஆற்றின் மேற்பகுதிக் கிராமங்களிலிருந்து வந்த தலித் மாணவர்களும் கலந்திருந்தனர். கல்லூரியில் நடைபெறவிருந்த மாற்றுத்திறனாளிகள் நாள் விழாவுக்காக ஒரு மாணவி உரை ஒன்றைத் தயாரித்து, சரிபார்த்துத் தருமாறு கேட்டிருந்தார். பஞ்சாபைச் சேர்ந்த தலித் செயற்பாட்டாளரும் பாடகருமான பந்த் சிங்கைப் பற்றியது அவ்வுரை. உழைத்து எழுதியிருந்தார், தகவல்களிலும் பெரிய பிழை இல்லை. ஆயினும் முதல் வரியிலேயே நாம் நின்றுவிட்டோம்: ‘இரு கைகளையும் ஒரு காலையும் இழந்தபோதும் தன்னம்பிக்கையை இழக்காதவர் பந்த் சிங்.’

அந்த வரியின் எழுவாய் யார் என்று வகுப்பில் கேட்டோம். பந்த் சிங் என்றார்கள். அப்படியானால் ‘இழத்தல்’ என்னும் வினையைச் செய்தவரும் அவரே ஆகிறார். பேருந்தில் பணப்பையை இழந்தவரைப் போல அவரும் எதையோ இழந்துவிட்டார். வெட்டியவர் எவரும் அந்த வரியில் இல்லை. முதல் தகவல் அறிக்கையில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தால், அந்த வழக்கு பதிவான நாளிலேயே பாதி தோற்றுவிட்டது என்போம்.

பந்த் சிங்கின் வாழ்க்கை போற்றத்தக்கது என்பதில் நமக்கு ஐயம் இல்லை. அதைத் தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்லும்போது அவருக்கு இழைக்கப்பட்ட குற்றம் மறைந்துவிடுகிறது என்பதே நமது கவலை. இந்த மறைவு மேடைப் பேச்சோடு நிற்பதில்லை. சட்டத்திலும், தீருதவிப் பட்டியலிலும், நீதிமன்றத்திலும் அதே மறைவு வெவ்வேறு வடிவங்களில் நிகழ்கிறது. ஆகவே அவர் கதையை முதலில் எழுவாயுடன் சொல்லிப் பார்ப்போம்.

பந்த் சிங் பஞ்சாபின் மான்சா மாவட்டத்திலுள்ள புர்ஜ் ஜப்பர் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். சீக்கியத்தைத் தழுவிய தலித் பிரிவான மஜபி சமூகத்தவர். சாதி இல்லை என்று அறிவித்த சமயத்துக்குள்ளும் குடியிருப்பு, குருத்வாரா, சுடுகாடு எனச் சாதி தொடர்வதற்கு மஜபிகளின் நிலையே சான்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பஞ்சாபின் மக்களில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். இந்திய மாநிலங்களிலேயே இதுதான் மிக உயர்ந்த விகிதம். எனினும் விளைநிலத்தில் அவர்கள் கையிலிருப்பது மிகச் சொற்பம். ஊராட்சிப் பொதுநிலத்தில் மூன்றிலொரு பங்கைத் தலித்துகளுக்கு மட்டுமே குத்தகைக்கு விட வேண்டும் என்று அம்மாநிலச் சட்டம் சொல்லியும், அந்தப் பங்கைப் பெறுவதற்காகவே கடந்த பத்தாண்டுகளுக்கு மேலாக அங்கே தனிப் போராட்டம் நடந்துவருகிறது. நிலமற்றவர் நிலமுள்ளவரின் வயலில் கூலிக்கு நிற்க வேண்டும். கடன் வாங்கினால் அந்த வயலை விட்டு நகர முடியாது. பந்த் சிங் இந்த ஒழுங்குக்குப் பணியாதவர். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி (மார்க்சிய-லெனினிய) விடுதலை அமைப்பைச் சார்ந்த மஸ்தூர் முக்தி மோர்ச்சாவில் சேர்ந்து விவசாயக் கூலிகளைத் திரட்டினார். கூட்டங்களில் அவர் பாடியவை பெரும்பாலும் சந்த் ராம் உதாசியின் பாடல்கள். உதாசியும் தலித் குடும்பத்தில் பிறந்தவர், நக்சல்பாரி இயக்கக் காலத்தில் சிறை சென்ற கவிஞர், 1986-இல் மறைந்தார்.

2000-களின் தொடக்கத்தில் பந்த் சிங்கின் மகள், பதினெட்டு வயது நிறையாத சிறுமி, ஆதிக்க சாதியினரால் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். (அவர் பெயர் பல இடங்களில் அச்சாகியிருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டம் தடைசெய்கிறது. போற்றுவதற்காக எழுதுகிறோம் என்பதால் அந்தத் தடை தளர்ந்துவிடாது.) ஊர் எதிர்பார்த்தது மௌனத்தை. பணம் பேசப்பட்டது, மிரட்டல் வந்தது. பந்த் சிங் வழக்கை விடவில்லை. 2004-இல் மூவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆதிக்க சாதியினருக்கு எதிராக ஒரு தலித் கூலித் தொழிலாளி நீதிமன்றம் சென்று வெல்வது அந்த வட்டாரம் அதுவரை காணாத நிகழ்ச்சி.

தோற்றிருந்தால் அவரை விட்டிருப்பார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. 2006 ஜனவரியில், விவசாயத் தொழிலாளர் மாநாட்டுக்காகப் பரப்புரை செய்துவிட்டுக் கோதுமை வயல்களின் வழியே வீடு திரும்பிக்கொண்டிருந்தவரை ஏழு பேர் வழிமறித்தனர். ஒருவர் கையில் துப்பாக்கி. மற்றவர்களிடம் இரும்புக் கம்பிகளும் கோடரிகளும். இறந்துவிட்டார் என்று கருதி வயலிலேயே போட்டுவிட்டு, பிணத்தை எடுத்துக்கொள்ளுமாறு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். முதலில் கொண்டுசெல்லப்பட்ட மருத்துவமனையில் அவருக்கு உரிய சிகிச்சை கிடைக்கவில்லை. அங்கு பணியிலிருந்த மருத்துவர் பின்னர் இடைநீக்கம் செய்யப்பட்டார். சண்டிகரின் முதுநிலை மருத்துவ நிறுவனத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது காயங்கள் அழுகத் தொடங்கியிருந்தன. இரு கைகளையும் ஒரு காலையும் அகற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே எழுவாய் ஒன்றன்று. தாக்கிய கும்பலின் பின்னால் ஒரு மருத்துவமனையின் அலட்சியமும் நிற்கிறது. ஒரு தலித் உடல் அவசர சிகிச்சைக்கு வரும்போது எவ்வளவு விரைவாகக் கவனிக்கப்படுகிறது என்பது, அந்த உடலில் எந்த உறுப்பு மிஞ்சும் என்பதை முடிவுசெய்கிறது.

மருத்துவமனைப் படுக்கையிலேயே பந்த் சிங் பாடினார். அதைக் கேட்கவும் அவருக்காக நிற்கவும் மான்சாவில் விவசாயக் கூலிகள் பெருந்திரளாகக் கூடினர். பிற்காலத்தில் தில்லியிலிருந்து இளம் இசைக்கலைஞர்கள் அவர் ஊருக்குச் சென்று அவருடன் சேர்ந்து பாடல்களைப் பதிவுசெய்தார்கள். நிருபமா தத் எழுதிய அவரது வாழ்க்கை வரலாறு 2016-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஆம் ஆத்மி கட்சியில் சேர்ந்தார். அவரைத் தாக்கிய வழக்கோடு தொடர்புடைய இருவரும் அதே நிகழ்ச்சியில் அக்கட்சியில் சேர்ந்தது தெரியவந்து பெரும் சர்ச்சையானது. தன்னம்பிக்கை உரைகளில் இந்தப் பகுதி இடம்பெறுவதில்லை. தாக்கியவனும் தாக்கப்பட்டவனும் ஒரே மேடைக்கு அழைக்கப்படக்கூடிய ஊரில்தான் அவர் பாடிக்கொண்டிருந்தார் என்பதை அறியாமல் அவர் துணிவை எப்படி அளப்பது?

பஞ்சாப் நமக்குத் தொலைவு என்று எண்ண வேண்டியதில்லை. புன்னைக்காயலிலிருந்து ஆற்றை எதிர்த்துச் சென்றால் தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டம் வருகிறது. அந்த வட்டாரத்தில் 2025 மார்ச் மாதம், தேர்வெழுதப் பேருந்தில் சென்றுகொண்டிருந்த பதினொன்றாம் வகுப்புத் தலித் மாணவர் ஒருவரை வழிமறித்து அரிவாளால் வெட்டினார்கள். அவருடைய கைவிரல்கள் துண்டிக்கப்பட்டன. கபடிப் போட்டியில் அவர் அணி வென்றதே காரணம் என்று குடும்பத்தார் கூறினர். அதற்கு முன், 2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில், வீட்டுக்குள் புகுந்து ஒரு தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் வெட்டியவர்கள் அதே பள்ளியில் படித்த மாணவர்கள். அதனை ஒட்டித்தான் பள்ளிகளில் சாதிப் பாகுபாட்டைக் களைவது குறித்து ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூன் மாதம் அறிக்கையும் வந்தது.

ஒருவர் பாடினார், வழக்கில் வென்றார். ஒருவர் கபடியில் வென்றார். ஒருவர் நன்றாகப் படித்தார். கோடரியும் அரிவாளும் கையைத் தேடி வருவது தற்செயல் என்று நாம் நம்பவில்லை. எழுதுகிற கை, பந்தயத்தில் பிடிக்கிற கை, கொடி தூக்குகிற கை. கொலையைவிட உறுப்பைச் சிதைப்பது ஆதிக்கத்துக்குச் சில வேளைகளில் கூடுதல் பயன் தருகிறது. கொல்லப்பட்டவர் நினைவாகிறார்; சிதைக்கப்பட்டவர் அதே தெருவில் ஒவ்வொரு நாளும் நடமாடும் எச்சரிக்கையாகிறார். தேவைப்படுவது அச்சம், அதைச் சுமந்து திரிய ஓர் உடல் வேண்டும். பந்த் சிங்கின் அரசியல் வெற்றி இங்கேதான் இருக்கிறது: எச்சரிக்கையாகத் திரிய வேண்டிய உடல் மேடையேறிப் பாடியது.

நாங்குநேரி மாணவர் அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றபோது நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அன்றைய செய்திகளில் பல ‘சோதனையை வென்று சாதனை’ என்ற தொனியிலேயே எழுதப்பட்டன. சோதனை என்பது இறைவன் வைப்பது. அரிவாளை எடுத்தவன் பதினேழு வயதுப் பையன். அவன் கையில் அதைக் கொடுத்தது ஊர்.

இவ்வகை ஊக்கக் கதைகளை மாற்றுத்திறனாளிகள் இயக்கமே நெடுங்காலமாக எதிர்த்துவருகிறது. ஆஸ்திரேலியச் செயற்பாட்டாளர் ஸ்டெல்லா யங் 2014-இல் சிட்னியில் ஆற்றிய உரையில் இதைக் கடுமையாகச் சாடினார். ஊனம் இல்லாதவர்கள் தம் வாழ்க்கை அவ்வளவு மோசமில்லை என்று ஆறுதல் அடைவதற்கான பண்டமாகத் தம் போன்றோர் ஆக்கப்படுகின்றனர் என்பது அவர் வாதம். எவ்வளவு புன்னகைத்தாலும் படிக்கட்டு சாய்தளமாக மாறாது என்றும் சுட்டினார். அவருக்கு முன்பே, 1970-களில், பிரித்தானியாவின் ஊனமுற்றோர் அமைப்பொன்று உடற்குறைபாடு வேறு, அக்குறைபாட்டின் மேல் சமூகம் சுமத்தும் ஊனம் வேறு என்று பிரித்துக் காட்டியது. சக்கர நாற்காலியில் இருப்பவரை முடக்குவது கால்கள் அல்ல, படிகள் என்ற புரிதல் அங்கிருந்தே பரவியது. பின்னர் அது ஐக்கிய நாடுகள் அவையின் உடன்படிக்கையாகவும் வடிவெடுத்தது. அந்த உடன்படிக்கை ஏற்கப்பட்ட நாள் 2006 டிசம்பர் 13. பந்த் சிங் வெட்டப்பட்ட அதே ஆண்டு.

அந்தப் புரிதலுக்கும் ஓர் எல்லை உண்டு. உடற்குறைபாடு இயற்கையாகவோ விபத்தாலோ வந்துவிட்டது, அதன்பின் சமூகம் என்ன செய்கிறது என்பதிலிருந்தே அது பேசத் தொடங்குகிறது. நம் பக்கத்திலேயே ஆய்க்குடி ராமகிருஷ்ணன் இருக்கிறார். 1975-இல் கடற்படை அதிகாரிகள் தேர்வில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய வாழ்க்கையை விபத்திலிருந்து தொடங்கிச் சொல்வதில் தவறில்லை. பந்த் சிங்கின் கதையை அவ்வாறு தொடங்க முடியாது. அவருடைய உடற்குறைபாட்டையே சமூகம்தான் செய்தது, கோடரியால். அவர் ஊனமுற்றவர் அல்லர், ஊனமாக்கப்பட்டவர்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு இப்போது வருவோம். வகுப்பில் மிகுந்த நேரத்தை எடுத்துக்கொண்டதும் இந்தப் பகுதிதான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இருபத்தொரு வகை ஊனங்களைப் பட்டியலிடுகிறது. பார்வையின்மை, செவித்திறன் குறைபாடு, தசைச் சிதைவு, பார்க்கின்சன் என்று நீளும் அப்பட்டியலில், ஊனம் எதனால் வந்தது என்பதில் ஒரு மனிதக் குற்றத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் வகை ஒன்றே ஒன்று: அமிலவீச்சுக்கு ஆளானோர். பெண்கள் இயக்கம் போராடிப் பெற்ற அங்கீகாரம் அது. சாதி வன்கொடுமையில் கையோ காலோ வெட்டப்பட்டவர் அந்தப் பட்டியலில் ‘இயக்கக் குறைபாடு’ உடையவராக மட்டுமே நுழைகிறார். அவர் ஏன் அங்கே நிற்கிறார் என்பதைச் சட்டம் கேட்பதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகமும் ஆண்டுதோறும் பட்டியல் சாதியினர் மீதான கொடுங்காய வழக்குகளை எண்ணுகிறது. அவற்றில் எத்தனை பேர் வாழ்நாள் முழுதும் ஊனமாக்கப்பட்டனர் என்ற தனிக் கணக்கு அதில் கிடையாது. 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் 2.21 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதியினரிடையே அது 2.45 விழுக்காடு. கூடுதலாக உள்ள அந்தப் பின்னத்தில் வறுமை எவ்வளவு, சாக்கடைப் பணியும் கல்குவாரியும் எவ்வளவு, அரிவாள் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் ஆவணம் நம்மிடம் இல்லை.

மறுபுறம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989. கொடிய ஆயுதத்தால் உறுப்பைத் துண்டிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 118(2) பிரிவின்கீழ் ஆயுள் தண்டனை வரை விதிக்கத்தக்க குற்றம் (முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 326). பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் பட்டியல் சாதியினர் மீது இழைக்கப்பட்டால், வன்கொடுமைச் சட்டத்தின் 3(2)(v) பிரிவு ஆயுள் தண்டனையைக் கட்டாயமாக்குகிறது. முதல் தகவல் அறிக்கையில் இந்த இரண்டும் சேர்ந்து இருக்கின்றனவா என்று பார்ப்பதே நமது முதல் வேலை. பல வேளைகளில் முதலாவது மட்டும் இருக்கும், அல்லது இரண்டாவதுக்குப் பதிலாகச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தியதற்கான சிறு பிரிவு இருக்கும். தண்டனை ஆயுளிலிருந்து ஐந்தாண்டுக்குள் சுருங்கிவிடும்.

3(2)(v) பிரிவுக்கு ஒரு வரலாறு உண்டு. பழைய வாசகத்தின்படி, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் ‘என்ற காரணத்தினாலேயே’ குற்றம் இழைக்கப்பட்டதாக நிறுவ வேண்டியிருந்தது. நிலத்தகராறு, முன்விரோதம், காதல் என்று ஏதேனும் ஒரு காரணத்தை எதிர்த்தரப்பு காட்டினால் அப்பிரிவு உதிர்ந்துவிடும். 2015-இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வாசகத்தின்படி, பாதிக்கப்பட்டவரின் சாதியை ‘அறிந்தே’ குற்றம் செய்திருந்தால் போதும். குற்றம்சாட்டப்பட்டவருக்குப் பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் ஊகிக்க வேண்டும் என்று 8-ஆம் பிரிவிலும் சேர்க்கப்பட்டது. ஒரே ஊர், ஒரே பள்ளி, ஒரே பேருந்து என்னும் நம் வழக்குகளில் இது பெரும் வலு. புலனாய்வு அலுவலர் அந்த அறிமுகத்தைச் சாட்சிகளின் வாக்குமூலத்தில் பதிவுசெய்ய வேண்டும். அவர் செய்யாவிட்டால் நாம் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

அந்தப் பதிவு இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கு உச்ச நீதிமன்றமே சான்று. பட்டான் ஜமால் வலி எதிர் ஆந்திரப் பிரதேச அரசு வழக்கில், 2021 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பு வந்தது. பிறவியிலேயே பார்வையற்ற பட்டியல் சாதி இளம்பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்ட வழக்கு அது. நீதிபதி சந்திரசூட் எழுதிய அத்தீர்ப்பு, சாதியும் பாலினமும் ஊனமும் ஓர் உடலில் சந்திக்கும்போது அவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கக் கூடாது என்பதை விரிவாகவும் அழகாகவும் எடுத்துரைக்கிறது. இந்திய நீதிமன்றம் அதுவரை அவ்வளவு தெளிவாக அதைப் பேசியதில்லை. மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். படித்துவிட்டு முடிவையும் பார்க்க வேண்டும்: வன்புணர்வுக்கான ஆயுள் தண்டனை உறுதியானது, வன்கொடுமைச் சட்டத்தின் கீழான தண்டனை நீக்கப்பட்டது. குற்றம் நடந்தது திருத்தத்துக்கு முந்தைய காலம். சாதியே காரணம் என்பதற்குத் தனிச் சான்று பதிவில் இல்லை. பிரிக்கக் கூடாது என்று சொன்ன தீர்ப்பே பிரிக்க நேர்ந்தது. குறை பெரும்பகுதி புலனாய்வில். நமக்கும் அதில் பங்கு உண்டு.

தீருதவி இதைவிடச் சிக்கலானது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 2016 அட்டவணைப்படி நூறு விழுக்காடு செயலிழப்புக்கு 8,25,000 ரூபாய். ஐம்பதுக்கு மேல் நூறுக்குள் என்றால் 4,50,000. ஐம்பதுக்குக் கீழ் 2,50,000. மருத்துவ அறிக்கைக்குப் பின் பாதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குச் சென்றபின் மீதி. (தமிழ்நாடு அரசு பின்னர் தீருதவியின் உச்சவரம்பைப் பன்னிரண்டு இலட்சமாக உயர்த்தியது.) விழுக்காட்டைத் தீர்மானிப்பது மருத்துவர் குழு. நான்கு விரல்கள் துண்டிக்கப்பட்டால் மொத்த உடலில் அது சிறு விழுக்காடு. ஆனால் வலை இழுப்பவருக்கோ நாற்று நடுபவருக்கோ அந்த நான்கு விரல்கள்தாம் பிழைப்பு. வாகன விபத்து வழக்குகளில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை எப்போதோ ஏற்றுவிட்டது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கின் 2010 தீர்ப்பு, உடல் ஊன விழுக்காடு வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு என்கிறது. இடக்கை துண்டிக்கப்பட்ட எழுத்தருக்கும் அதே கை துண்டிக்கப்பட்ட தச்சருக்கும் இழப்பு ஒன்றல்ல என்று எடுத்துக்காட்டுகிறது. லாரி மோதிக் கை போனால் தொழிலைக் கணக்கிட வேண்டும். சாதிவெறியர் வெட்டிக் கை போனால் விழுக்காட்டை மட்டும் பார்த்தால் போதும் என்பதே இன்றைய நிலை.

அந்த அட்டவணையின் இறுதிப் பகுதியைப் படித்தபோது நமக்கே அதிர்ச்சியாக இருந்தது. கொலை, கூட்டுக்கொலை, வன்புணர்வு, நிரந்தரச் செயலிழப்பு ஆகியவற்றுக்குக் கூடுதல் தீருதவி என்று தலைப்பு சொல்கிறது. உள்ளே சென்றால் மாதம் 5,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியம், அகவிலைப்படி, குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, நிலம், வீடு ஆகிய அனைத்தும் ‘இறந்தவரின்’ வாழ்க்கைத்துணைக்கும் சார்ந்தோருக்கும் என்றே எழுதப்பட்டுள்ளன. உயிரோடிருந்து உழைக்க இயலாமற்போனவரின் குடும்பத்துக்கு எஞ்சுவது, பிள்ளைகளின் கல்விச் செலவும் மூன்று மாதத்துக்கான அரிசி, பருப்பு, பாத்திரங்களும். மூன்று மாதத்துக்குப் பின் கை முளைத்துவிடும் என்று விதியை எழுதியவர் நினைத்திருப்பாரோ என்று ஒரு மாணவர் கேட்டார். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

2015 திருத்தம் தந்த 15A பிரிவு, பாதிக்கப்பட்டோரின் உரிமைகளை விரிவாகச் சொல்லும் நல்ல பிரிவு. பாதுகாப்பு, பயணச் செலவு, பிணை மனு விசாரணையில் கருத்துரைக்கும் உரிமை எல்லாம் அதில் உண்டு. பாதிக்கப்பட்டவரின் சிறப்புத் தேவைகளை மதிக்க வேண்டும் என்று சொல்லும் அதன் இரண்டாம் உட்பிரிவு, அத்தேவைகள் எழும் காரணங்களாக வயது, பாலினம், கல்வியின்மை, வறுமை ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. ஊனம் அங்கே இல்லை. நீதிமன்றத்தை அணுகுவதில் மாற்றுத்திறனாளிகளுக்குள்ள உரிமையை 2016 சட்டத்தின் 12-ஆம் பிரிவு உறுதிசெய்கிறது. அங்கே சாதி இல்லை. இரு கைகளும் இல்லாத ஒருவர் வன்கொடுமைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாடியேறிச் சாட்சி சொல்ல வரும்போது, இரண்டு சட்டங்களும் படியின் இரு முனைகளில் ஒன்றையொன்று அறியாமல் நிற்கின்றன. திருத்தம் வரும்வரை நாம் செய்யக்கூடியது, ஒரே மனுவில் இரு பிரிவுகளையும் சேர்த்துக் கேட்பது. தரைத்தளத்தில் விசாரணை, வாகனம், உடன் வருபவருக்கான படி, கைரேகையோ கையொப்பமோ இட இயலாதவரின் வாக்குமூலத்தை ஒலி-ஒளிப் பதிவாக எடுத்தல். வன்கொடுமை வழக்கு விசாரணைகளை ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்று 15A பிரிவே சொல்வதால், இந்தக் கடைசிக் கோரிக்கையை மறுப்பது எளிதன்று.

செயற்பாட்டாளர்களுக்கு இன்னொன்று. ஒரு தாக்குதலில் உறுப்பு சிதைந்தால் நமது வேகம் முதல் பத்து நாட்கள் இருக்கிறது: மறியல், கைது, தலைவர்களின் வருகை. ஊனச் சான்றிதழ் வாங்க வேண்டிய நேரம், காயம் ஆறியபின், மாதங்கள் கழித்து வருகிறது. அப்போது கூட்டம் கலைந்திருக்கும். காயச் சான்றிதழை வைத்தே தீருதவியின் முதல் தவணை ‘காயம்’ என்ற சிறு தலைப்பில் வழங்கப்பட்டு, கோப்பு மூடப்பட்டுவிடும். சான்றிதழ் வந்ததும் அதை இணைத்து, செயலிழப்புத் தலைப்பின்கீழ் மறுகணக்கீடு கோரி மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுக்க வேண்டும். மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுக் கூட்டத்தில் அதை எழுப்ப வேண்டும். அந்தக் குழுவில் ஒரு மாற்றுத்திறனாளி உறுப்பினர் இருந்தால் இன்னும் நன்று.

வகுப்பு முடிய இரவாகிவிட்டது. மாணவி உரையின் முதல் வரியைத் திருத்திக் கொண்டுவந்தார்: ‘மகளுக்கு நீதி பெற்றதற்காக ஏழு பேர் பந்த் சிங்கை வெட்டினர், அவர் இன்னும் பாடுகிறார்.’ விழாவில் இப்படிப் பேசினால் கல்லூரியில் ஏற்பார்களா என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. பேசட்டும், பார்ப்போம் என்றோம். மேற்பகுதிக் கிராமத்து மாணவர் ஒருவர் கடைசிப் பேருந்துக்குப் புறப்படும் முன், தன் தெருவில் ஒரு பெரியவர் இருப்பதாகச் சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன் ஊர்க் கலவரத்தில் மணிக்கட்டில் வெட்டுப்பட்டவர். இன்றுவரை ஊனச் சான்றிதழ் இல்லை. ‘கை இல்லாத தாத்தா’ என்றே பிள்ளைகள் அழைக்கிறார்கள். யார் வெட்டியது என்று அவர் இதுவரை கேட்டதில்லையாம். அடுத்த வகுப்புக்கு வரும்போது பெரியவரின் பெயர், வழக்கு எண், காவல் நிலையம் மூன்றையும் குறித்து வருவதாகக் கூறிச் சென்றிருக்கிறார்.